செயின்சா ஸ்டார்ட் ஆகவில்லையா? கயிற்றை விட்டுவிட்டு டேங்கைத் திறந்து பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்தால் பட்டறைக்கு மரம் அறுக்கும் மிஷின்கள் வரத் தொடங்கிவிடும். "போன வருஷம் நல்லா ஓடுச்சுண்ணே, இப்ப இழுத்து இழுத்துத் தோள்பட்டையே விட்டுப்போச்சு" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டேங்கில் கிடக்கிற பெட்ரோல் எப்போது ஊற்றியது?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்த பிறகுதான், எனக்குத் தெரிந்த தோப்புக்காரர்கள் பலர் சொந்தமாகச் செயின்சா வாங்கினார்கள். விழுந்த மரத்தை அறுத்து முடித்ததும், மிச்சப் பெட்ரோலோடு மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஸ்டார்ட் ஆகாத மிஷின்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கெடுகின்றன.

பெட்ரோலில் சட்டென்று ஆவியாகிற லேசான பகுதி ஒன்று உண்டு. குளிர்ந்த என்ஜினில் முதலில் பற்றுவது அதுதான். மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பகுதி பறந்துபோய், வார்னிஷ் வாடையடிக்கிற கெட்டி எண்ணெய்தான் மிஞ்சும். போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பெரும்பாலான செயின்சா கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கிலுள்ள ஃபில்டரும் அடியில்தான் கிடக்கிறது. ஆக, என்ஜின் உறிஞ்சுவது அந்தத் தண்ணியைத்தான். என்ஜினுக்காகப் பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற ஆயிலோ மேலேயிருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். தப்பித்தவறி ஸ்டார்ட் ஆனாலும், ஆயில் இல்லாமல் பிஸ்டன் தேயும்.

சந்தேகம் இருந்தால் டேங்கில் உள்ளதை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு போட்டதுபோல் தனி அடுக்கு தெரிந்தால், முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். புதுப் பெட்ரோலை அதன் தலையில் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது.

ஆயில் கலப்பதிலும் நிறையத் தடுமாற்றம் பார்க்கிறேன். முன்பு மொபெட்டுக்குப் பங்க்கிலேயே டூ-டி ஆயில் கலந்து ஊற்றினார்கள், எல்லோருக்கும் பழக்கம் இருந்தது. எக்ஸ்எல் வண்டியே ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்ட பிறகு, இளம்பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. 25:1 என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். அளவுக்குவளை வைத்துக்கொள்ளுங்கள். பைக் என்ஜின் ஆயில் இதற்கு ஆகவே ஆகாது.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் பிடிக்கவில்லையா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சோக் போட்டு இழுத்த பிறகும் பிளக் முனை காய்ந்திருந்தால், பெட்ரோல் மேலே வரவில்லை என்று அர்த்தம்: ஃபில்டர், டியூப், கார்பரேட்டர் இந்த மூன்றில்தான் கோளாறு. கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய கறுப்புச் சவ்வு, விரல் பட்டால் துணிபோல் வளைய வேண்டும். பழைய பெட்ரோலில் ஊறிக் காய்ந்த சவ்வை அழுத்தினால் மொடமொடவென்று சத்தம் வரும். அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. அல்லது ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. நான் பார்த்தவரை இரண்டாவதுதான் அதிகம். குளிர்ந்த என்ஜினைச் சோக் போட்டு இழுக்கும்போது 'பட்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அந்த நொடியே சோக்கை எடுத்துவிட்டு அடுத்த இழுப்பு இழுக்க வேண்டும். தோப்பில் பேச்சுச் சத்தத்தில் அதைக் கவனிக்காமல் சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால், உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும். அப்போது சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, கயிற்றைச் சில தடவை இழுத்தால் தேங்கியது வெளியே தெறித்துவிடும். சுவிட்ச் ஆஃப் என்பதை மறக்கவே கூடாது. தெறிக்கிற பெட்ரோலில் ஒரு பொறி பட்டால் முகம் வெந்துவிடும். பிளக்கை லைட்டரில் காட்டிச் சுடுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். துடைத்துக் காயவைத்து, இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து மாட்டினால் போதும்.

ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் நின்றுவிடுகிறதா? டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஏர் ஃபில்டரிலும் சைலன்சர் வலையிலும் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கையிலேயே ஆகிற வேலை.

கார்பரேட்டரில் எச், எல் என்று போட்ட திருகுகளை மட்டும் தொடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. திருகைத் தெரியாமல் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து குறையும். மிஷின் ஜோராகக் கத்திக்கொண்டு ஓடும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் இறுகிப்போய், அதாவது சீஸ் ஆகி நிற்கும்.

இத்தனை நேரம் மிஷினைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, எரிச்சலில் ஆட்கள் செய்கிற காரியம். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மிஷின், காற்றில் தூக்கிப்போட்டு இழுப்பது. அப்படி இழுக்கிற நேரத்தில் திடீரென்று என்ஜின் பிடித்தால், சோக்கோடு சேர்ந்து ரேஸும் ஏறியிருக்கும், செயின் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒற்றைக் கையால் அடக்க முடியாது. பக்கத்திலேயே தொடை இருக்கிறது. தரையில் வைத்து, செயின் பிரேக்கை முன்னால் தள்ளி, வலது பாதத்தைப் பின் கைப்பிடிக்குள் ஊன்றி, இடது கையால் முன் கைப்பிடியை அழுத்திக்கொண்டு இழுங்கள். கயிற்றை முதலில் மெதுவாக இழுத்து, தடை தட்டியதும் வேகமாக இழுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். ஏணியில் நின்றோ மரத்தின் மேல் இருந்தோ கயிறு இழுக்கவே வேண்டாம். இதைக் கூலிக்கு வருகிற தம்பிகளுக்கும் தோப்புக்காரர்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் பார்த்தும் அசையவில்லை என்றால், சுவிட்ச் ஆஃபில் இருக்க, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினை மெல்லத் தூக்கிப் பாருங்கள். தடுத்துத் தடுத்து இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றழுத்தம் இருக்கிறது, பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். வழுக்கிக்கொண்டு கீழே வந்தால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கும். அதற்கு ஆகும் செலவு புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால், ரிப்பேர் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.