இம்போர்ட் வரிகளைக் கருவியே எழுதட்டும்

ஒரு வெப் ப்ராஜெக்டில் நாற்பது ஐகான்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இம்போர்ட் வரி (வேறொரு கோப்பை நிரலுக்குள் கொண்டுவரும் வரி), அதில் ஒரு பெயர், ஒரு பாதை என்று தட்டிக்கொண்டே போக வேண்டும், நாற்பத்தொன்றாவது வந்தால் மறுபடியும் அதே வேலை. டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தால் இந்த வரிகளை எல்லாம் எழுதித் தரும் சின்னக் கருவிகள் உண்டு, நாமேகூட ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

சரி, படத்துக்கு எதற்கு இம்போர்ட்? இமேஜ் டேக்கில் பாதையை எழுதினால் போதாதா? போதும், படம் தெரியும். சிக்கல் கேஷில் வருகிறது. லோகோவை மாற்றுகிறீர்கள், கோப்பின் பெயர் அதேதான், ஏற்கெனவே வந்துபோனவரின் பிரவுசர் சேமித்து வைத்த பழைய லோகோவையே காட்டும். நிரல் கோப்புகளையும் படங்களையும் ஒன்றாகத் தொகுக்கும் வெப்பேக், வீட் மாதிரியான பண்ட்லர்கள், தளத்தை வெளியிடத் தயார்செய்யும் பில்டின்போது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் (அடையாள எழுத்துக்கோவை) கணக்கிட்டு அதைப் பெயரோடு ஒட்டிவிடுகின்றன. படத்தில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறும், பெயரும் மாறும், பிரவுசர் புதிதாகக் கேட்டு வாங்கும். அதனால்தான் 'இதை 31536000 விநாடிக்கு, அதாவது ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்' என்று சர்வர் தைரியமாகச் சொல்ல முடிகிறது. இதெல்லாம் நடக்க, எந்தப் படம் எங்கே பயன்படுகிறது என்று பண்ட்லருக்குத் தெரிய வேண்டும், அதைச் சொல்வது இம்போர்ட் வரி.

இங்கேதான் பலரும் முட்டிக்கொள்கிறார்கள். பாதையில் ஒரு மாறியை (வேரியபிளை) ஒட்டி, லூப் போட்டு நாற்பதையும் இம்போர்ட் செய்துவிடலாமே என்று தோன்றும். சாதாரண இம்போர்ட் வரியில் அது முடியாது. பண்ட்லர் உங்கள் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, எழுத்தாக வாசிக்கிறது, ஓடும்போது மாறியில் என்ன இருக்கும் என்று அதற்குத் தெரியாது. 2015-இல் ஜாவாஸ்கிரிப்டில் இம்போர்ட் வந்தபோதே பாதை முழுதாக எழுதப்பட்ட சரமாக (ஸ்ட்ரிங்காக) இருக்க வேண்டும் என்பது இலக்கணமாகிவிட்டது.

ஆகவே வரிகள் முன்கூட்டியே இருந்தாக வேண்டும், கருவி செய்வது அதைத்தான். ஃபோல்டரைத் திறந்து கோப்புகளைப் பட்டியலிடுகிறது, பிஎன்ஜி, எஸ்விஜி போன்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி எல்லாவற்றையும் ஒரே இண்டெக்ஸ் கோப்பில் போடுகிறது. கேட்க எளிது. ஆனால் கோப்பின் பெயரில் இடைக்கோடு இருந்தால், அல்லது எண்ணில் தொடங்கினால், அது மாறியின் பெயராகாது, மாற்றி எழுத வேண்டும். 'ஹோம்-ஐகான்' என்று ஒன்றும் 'ஹோம்_ஐகான்' என்று ஒன்றும் இருந்தால் இரண்டும் ஒரே பெயராகிவிடும், நல்ல கருவி அங்கே நின்று பிழை சொல்லும். பட்டியலை அகரவரிசைப்படுத்தாவிட்டால் கணினிக்குக் கணினி வரிசை மாறி, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் வீண் மாற்றங்கள் தெரியும். அப்புறம், ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டே இருக்கும் வாட்ச் முறையில் இண்டெக்ஸ் கோப்பும் அதே ஃபோல்டரில் இருந்தால், தான் எழுதியதையே புது மாற்றம் என்று எடுத்துக்கொண்டு கருவி திரும்பத் திரும்ப ஓடும், அதனால் உள்ளடக்கம் உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் எழுத வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பலன் வேறொன்று. ஒருமுறை படக் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தது, நான் இம்போர்டில் சின்ன எழுத்தில் அடித்திருந்தேன். என் மேக்கில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது, லினக்ஸ் சர்வரில் பில்ட் விழுந்தது, காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுதும் போனது. மேக்கும் விண்டோஸும் சாதாரணமாக இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். கருவி பெயரை டிஸ்கிலிருந்தே எடுப்பதால் இந்தத் தவறுக்கு இடமே இல்லை.

வெப்பேக், வீட் இரண்டிலும் ஒரு ஃபோல்டரை மொத்தமாக இழுத்துக்கொள்ளும் வசதி உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். இருந்தாலும் நான் கருவியைத்தான் தேர்ந்தெடுப்பேன். வரிகள் கண்ணெதிரே இருந்தால் எடிட்டர் பெயர்களைத் தானாக நிரப்பும், இல்லாத ஐகானைக் கேட்டால் டைப்ஸ்கிரிப்ட் அங்கேயே சிவப்புக் கோடு போடும். கட்டளையை 'ப்ரீபில்ட்' என்ற பெயரில் ஸ்கிரிப்டாகச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு பில்டுக்கும் முன்னால், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் என்பிஎம் அதைத் தானே ஓட்டிவிடும்.