ஒடுக்கம்: ரிட்ரீட்டுக்குப் பழைய தமிழ்ச் சொல்

பள்ளிகள் நடத்தும் பெண் துறவற சபைகளில் கோடை விடுமுறை என்றால் சபையின் தலைமை இல்லமான தாய் இல்லம் நிறைந்துவிடும். ஆண்டு முழுவதும் வகுப்பறையில் நின்ற அருட்சகோதரிகள் அங்கே கூடி எட்டு நாள் மௌனம் காப்பார்கள். செபம், திருப்பலி, ஆன்ம வழிகாட்டியோடு சிறிது நேரம் பேச்சு, அவ்வளவுதான். பல சபைகளில் இதன் முடிவில்தான் இளம் சகோதரிகள் தங்கள் வார்த்தைப்பாட்டை, அதாவது துறவற வாக்குறுதியை, புதுப்பிக்கிறார்கள். இந்த நாள்களை ஆங்கில வழக்கில் 'ரிட்ரீட்' என்கிறோம். தமிழில் இன்று பரவலாக வழங்குவது 'தியானம்'. பழைய கத்தோலிக்க வழக்கு 'ஞான ஒடுக்கம்'.

ரிட்ரீட்டின் வேர் 'பின்னுக்கு இழு' என்று பொருள்படும் லத்தீன் வினை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. படை பின்வாங்குவதற்கும் அதே சொல்தான். பிரெஞ்சில் பணி ஓய்வையும் அதே சொல் குறிக்கும். எட்டு நாள் முடிந்ததும் பள்ளிக்கு ஓடவேண்டிய சகோதரிகளுக்கு அது பொருந்தாத பொருள்!

இந்த வழக்கத்துக்கு வடிவம் தந்த புனித இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டைப் போரில் கால் உடைந்தவர். ஆனால் தம் முறைக்கு அவர் வைத்த பெயரில் பின்வாங்கல் இல்லை. நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சி என்றால் இது ஆன்மாவுக்குப் பயிற்சி என்று கருதி 'ஆன்மப் பயிற்சிகள்' என்றார். அதே பெயரில் அவர் எழுதிய நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் தந்தார். முழுப் பயிற்சி ஏறத்தாழ 30 நாள். எட்டு நாள் என்பது அதன் சுருக்கம். துறவியர் ஆண்டுதோறும் இதற்கென நாள் ஒதுக்கவேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 663-ஆம் எண்ணில் இருக்கிறது.

தமிழுக்கு வருவோம். 'தியானம்' வடமொழியிலிருந்து வந்தது; ஒன்றையே ஆழ்ந்து நினைத்தல். அந்த எட்டு நாளில் தியானமும் உண்டு, உண்மைதான். ஆனால் வேலையை விட்டு, பேச்சை விட்டு ஒதுங்கி இருப்பது அச்சொல்லுக்குள் வராது. போதாக்குறைக்கு, ஒலிபெருக்கி வைத்து நடத்தும் மூன்று நாள் மறையுரையையும் தியானம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

'ஒடுக்கம்' என்றதும் இன்று பலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் 'ஒடுக்குமுறை'. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் 'ஒடுக்கு' என்பது பிறரை அடக்குவது, 'ஒடுங்கு' என்பது தானே அடங்குவது. இறங்கு, இறக்கம் ஆவதுபோல ஒடுங்கு, ஒடுக்கம் ஆகிறது. சைவத்தில் உலகம் இறைவனிடம் ஒடுங்குவதற்கும், சித்தர்கள் சமாதியான இடத்துக்கும் இச்சொல் உண்டு.

இதைவிடப் பொருத்தமான சான்று குறளில் இருக்கிறது:

ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து. (486)

சண்டைக்கடா பாய்வதற்காகப் பின்னால் கால் எடுத்து வைப்பதைப் போன்றது ஊக்கம் உள்ளவனின் ஒடுக்கம் என்கிறார் வள்ளுவர். பேசுவது அரசனுக்கு, அதிகாரம் காலமறிதல். ஆனாலும் லத்தீன் வேரில் உள்ள பின்னடியும், அதற்குப் பிறகு வரும் புது வேகமும் ஒரே சொல்லில் அமைந்துவிடுகின்றன. 'பின்வாங்கல்' என்று மொழிபெயர்த்தால் முதல் பாதிதான் கிடைக்கும்.

புதுப்பித்தலை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் வார்த்தைப்பாடு குறிப்பிட்ட காலத்துக்கே உரியது. இறுதி வார்த்தைப்பாடு வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும். அந்தச் சடங்கு 'வார்த்தைப்பாடு புதுப்பித்தல்'. அதற்கு ஆயத்தமாக இருக்கும் நாள்கள் 'ஒடுக்கம்'. ஆண்டு ஒடுக்கம், மாத ஒடுக்கம், எண்நாள் ஒடுக்கம் என்று எப்படிச் சேர்த்தாலும் சொல் இயல்பாகவே நிற்கிறது.