எஸ்பிடி: ‘உள்ளேன் ஐயா’ முதல் தன்விவரம் வரை

லினக்ஸில் ராம் பற்றி நோண்டிப் பார்த்த யாரும் ஒருநாள் எஸ்பிடி என்ற மூன்றெழுத்தில் முட்டிக்கொண்டிருப்பார்கள். விரித்தால் சீரியல் பிரசன்ஸ் டிடெக்ட்; ராம் பட்டை தன் விவரத்தைத் தானே கணினிக்குச் சொல்லும் ஏற்பாடு. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘தொடர் இருப்பு கண்டறிதல்’. கேட்டால் கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலை போல இருக்கிறது. தப்பு மொழிபெயர்ப்பில் இல்லை. ஆங்கிலப் பெயருக்கே வயதாகிவிட்டது.

அந்தப் பெயர் வைத்த காலத்தில் வேலை உண்மையிலேயே இருப்பு பார்ப்பதுதான். 72 முனை ‘சிம்’ என்ற பழைய வகை ராம் பட்டைகளில் (போனில் போடும் சிம் அல்ல) நான்கு முனைகளை இதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முனையும் ஒன்று தரையோடு இணைந்திருக்கும், அல்லது சும்மா விடப்பட்டிருக்கும். இரண்டு முனைகள் கொள்ளளவையும் இரண்டு முனைகள் வேகத்தையும் சொல்லும். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ என்பதற்கு மேல் அந்தப் பட்டைகளுக்குப் பேசத் தெரியாது. நான்கு முனையும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதால் அது ‘பேரலல்’ பிரசன்ஸ் டிடெக்ட்.

இரண்டு முனையில் நான்கு சேர்க்கைதான் வரும். ராம் அளவுகள் பெருகியபோது அது எந்த மூலைக்கு? அடுத்து வந்த 168 முனை ‘டிம்’ ராம் பட்டைகளில், பட்டையின் மேலேயே ஒரு குட்டி ஈப்ராம் சில்லை (மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத சில்லு) ஒட்டி, விவரங்களை அதில் எழுதி வைத்தார்கள். இதற்கான தரவரையறை, நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்புடையது. பிலிப்ஸ் 1982இல் உருவாக்கிய ஐ2சி முறையில், இரண்டே கம்பிகளில் பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கலாம். பேரலல் போய் ‘சீரியல்’ வந்தது இப்படித்தான். ‘பிரசன்ஸ் டிடெக்ட்’ மட்டும் பழைய பெயர்ப்பலகை போல ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

இன்று அந்தச் சில்லில் இருப்பது வெறும் இருப்பு இல்லை. ராம் தலைமுறைகளில் டிடிஆர்3 வரை 256 பைட், டிடிஆர்4இல் 512, டிடிஆர்5இல் 1024. டிடிஆர்4 பட்டையை எடுத்துக்கொண்டால், 2ஆம் பைட்டில் 12 என்று இருக்கும். ‘நான் டிடிஆர்4’ என்று அர்த்தம். 323, 324ஆம் பைட்டுகளில் தயாரான ஆண்டும் வாரமும். 325 முதல் 328 வரை வரிசை எண். 329 முதல் 348 வரை, 20 எழுத்தில், தயாரிப்பாளர் வைத்த பாகப் பெயர். கிட்டத்தட்ட ஜாதகமே.

போன வருடம் ஒரு ஏஎம்டி கணினிக்குக் கூடுதல் ராம் வாங்க நினைத்தேன். இருப்பதற்குப் பொருத்தமாக வாங்க வேண்டுமே, அதனால் வன்பொருள் விவரம் காட்டும் டிஎம்ஐடிகோட் கட்டளையில் வகை 17ஐ, அதாவது ராம் பகுதியைக் கேட்டேன். அளவு, வேகம் எல்லாம் வந்தது. தயாரிப்பாளர் என்ற இடத்தில் மட்டும் ‘அன்நோன்’ (தெரியாது). சரி என்று, எஸ்பிடியைப் படித்துக் காட்டும் டிகோட்-டிம்ஸ் கட்டளையை ஓட்டினால், கண்டறிந்து படித்த டிம்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்றது. ராம் இல்லாமலா இந்தத் திரையே ஓடுகிறது?

இங்கேதான் சொல்லின் பொருள் கைகொடுக்கிறது. டிஎம்ஐடிகோட் ராமிடம் எதுவும் கேட்பதில்லை. கணினி எழும்போது பயாஸ் (தாய்ப்பலகையில் முதலில் ஓடும் நிரல்) எழுதிவைத்த பட்டியலைத்தான் வாசிக்கிறது. அது கேள்விப்பட்ட செய்தி; பட்டியல் பல நேரம் தவறாகவோ அரைகுறையாகவோ இருக்கும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. டிகோட்-டிம்ஸ் எஸ்பிடி சில்லையே கேட்கிறது. ஆனால் நடுவில் இரண்டு ஆள் வேண்டும்: தாய்ப்பலகையின் எஸ்எம்பஸ் என்ற, ஐ2சி போன்ற இரு கம்பிப் பாதைக்கு ஒரு டிரைவர் (இன்டெல் என்றால் ஐ2சி-ஐ801, ஏஎம்டி என்றால் ஐ2சி-பிக்ஸ்4), சில்லுக்கு ஒரு டிரைவர் (டிடிஆர்3 வரை ஏடி24, டிடிஆர்4க்கு இஇ1004, டிடிஆர்5க்கு எஸ்பிடி5118). ஒருவர் வராவிட்டாலும் பதில் பூஜ்யம்தான்.

என் கணினியில் இரண்டையும் ஏற்றியும் பூஜ்யம். சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்று கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) யாரும் சொல்லவில்லை. ராம் குழிகளுக்கு பதினாறடிமானத்தில் 50 முதல் 57 வரை எட்டு முகவரிகள். பாதையில் எந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று துழாவும் ஐ2சிடிடெக்ட் கட்டளையில் பார்த்தால் 51, 53 இரண்டிலும் ஆள் இருந்தது; நான்கு குழியில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டை செருகியிருந்தேன், கணக்கு சரி. அந்தப் பாதையின் ‘நியூ_டிவைஸ்’ கோப்பில் இஇ1004 என்ற பெயரையும் முகவரியையும் ரூட்டாக எழுதினேன். அடுத்த ஓட்டத்தில் பூஜ்யம் 2 ஆனது, பாகப் பெயர் உட்பட. (ஐ2சிடிடெக்டைக் கண்ட பாதையில் எல்லாம் ஓட்டாதீர்கள். பழைய ஐபிஎம் திங்க்பேட் சிலவற்றில் இப்படித் துழாவியதே ஒரு சில்லின் உள்ளடக்கத்தைக் கெடுத்திருக்கிறது.)

அப்போ தமிழில் என்ன சொல்வது? ‘தொடர் இருப்பு கண்டறிதல்’ எனக்குப் பிடிக்கவில்லை. ‘தொடர்’ என்றால் விடாமல் கண்டறிந்துகொண்டே இருப்பது போலத் தொனிக்கிறது. வரலாற்றைக் காட்ட வேண்டிய இடத்தில் ‘இருப்பறிதல்’ போதும்: பழையது இணைவழி இருப்பறிதல், புதியது தொடர்வழி இருப்பறிதல். அன்றாடப் பேச்சுக்கு அதுவும் கனம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நம்மைப் பற்றி நாமே எழுதித் தருகிற தாளைத் ‘தன்விவரக் குறிப்பு’ என்கிறோம். ராம் செய்வதும் அதையேதான். ஆகவே எஸ்பிடி தரவைத் ‘தன்விவரம்’ என்றும், அது குடியிருக்கும் ஈப்ராமைத் ‘தன்விவரச் சில்லு’ என்றும் எழுதுகிறேன். ‘நினைவகக் குறிப்பேடு’ என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அதில் பயாஸின் பட்டியலும் அடங்கிவிடுகிறது, யார் சொன்ன விவரம் என்பது மறைந்துபோகிறது.

யாராவது ‘எஸ்பிடி வரவில்லை’ என்று கேட்டால் இப்போதெல்லாம் இப்படித்தான் பதில் எழுதுகிறேன்: ‘பயாஸ் பட்டியல் கிடக்கட்டும். பாதை டிரைவர் ஏறியிருக்கிறதா, தன்விவரச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது, அதை முதலில் பாருங்கள்.’