பவர் சப்ளையில் சத்தமா? மூடியைத் திறக்காதீர்கள்

சத்தம் வருகிறது என்று கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸை வீட்டிலேயே பிரித்து, மூடி தனியாக, ஸ்க்ரூ தனியாகப் பையில் போட்டு, பழுதுபார்க்கும் எங்களிடம் எடுத்துவருபவர்கள் குறைந்தபாடில்லை. கடைசியாக வந்த தம்பி கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கொண்டுவந்தார். அதன் நுனி உருகிக் குழிந்திருந்தது. "பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் சார் திறந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விரல் பட வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் பட்டதால் நின்று பேசிக்கொண்டிருந்தார். சத்தத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? ஃபேனின் கம்பிவலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கேபிள் டையின் வால். சப்ளையைத் திறக்காமல், வெளியிலிருந்தே கத்தரித்து எடுத்திருக்கலாம்.

"பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், இனி உள்ளே கரண்ட் இல்லை." இந்த ஒரு நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டும். மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் பொருந்துகிற கணக்கு கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குப் பொருந்தாது. சுவரிலிருந்து வரும் ஏசி கரண்ட்டை டிசியாக மாற்றி, உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் தேக்கி வைத்துத்தான் அது வேலையே செய்கிறது. 230 வோல்ட் லைன் என்றால் அந்தத் தேக்கத்தில் சுமார் 325 வோல்ட் நிற்கும். இப்போது வரும் பெரும்பாலான நல்ல சப்ளைகளில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (லைனிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட்) இருக்கிறது, அவற்றில் 380 முதல் 400 வோல்ட் வரை போகும். 120 வோல்ட் லைன் உள்ள நாட்டிலும் இந்த வகையில் இதே 400தான். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றில் 390 வோல்ட் இருந்தால் சுமார் 36 ஜூல் ஆற்றல். அது கை வழியாக நெஞ்சைக் கடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

அடுத்து வரும் பதில், "பிளக்கை எடுத்துவிட்டுப் பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்தேனே!" என்பது. அழுத்தியதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நிற்கும். எல்லாம் வடிந்துவிட்டதாகத் தோன்றும். வேலை செய்கிற சப்ளையில் ஓரளவு வடியும், உண்மைதான். ஆனால் தேக்கத்தை இழுக்கும் சர்க்யூட், வோல்டேஜ் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் தானே நின்றுவிடும். மிச்சம் அங்கேயே இருக்கும். பழுதான சப்ளையில் நிலைமை இன்னும் மோசம். மெஷின் அணைந்திருக்கும்போதும் ஓடும் ஸ்டாண்ட்பை சர்க்யூட் செத்துப்போயிருந்தால் கெபாசிட்டரில் இருப்பதை இழுக்க ஆளே இல்லை. வடிப்பதற்கென்று ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள் என்கிறீர்களா? எல்லாவற்றிலும் இருக்காது. இருந்தாலும் அது எரிந்துபோயிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. உயிரோடு இருக்கும் சப்ளையைவிடச் செத்த சப்ளையில்தான் அதிக பயம் வேண்டும். எல்லோரும் துணிச்சலாகத் திறப்பதோ செத்ததைத்தான்.

ஸ்க்ரூ டிரைவரால் கெபாசிட்டரின் இரண்டு காலையும் ஷார்ட் செய்து காலி செய்யலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்களாம். தயவுசெய்து வேண்டாம். தீப்பொறியோடு உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும். நாங்கள் ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொடுகிறோம். அப்போதும் இடது கையைப் பின்னால் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் ஊறிய பழக்கம். சில சப்ளைகளில் சூடு தணிக்கும் ஹீட் சிங்க்கிலேயே ஹை வோல்டேஜ் இருக்கும். வெறும் அலுமினியத் தகடு என்று நினைத்துப் பிடித்தால் போச்சு.

சரி, சத்தத்துக்கு வருவோம். திறக்காமலே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் சத்தம் பவர் சப்ளையிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். "எஸ்.எம்.பி.எஸ். கத்துது" என்று வருவதில் கணிசமானவை கிராபிக்ஸ் கார்டாகவோ ஹார்ட் டிஸ்க்காகவோ சிபியு ஃபேனாகவோ இருக்கின்றன. கெட்டி அட்டைக் குழல் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கேபினெட்டின் பின்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். இடம் தெளிவாகப் பிடிபடும். குழல் அட்டையாக இருக்கட்டும், இரும்புப் பைப் வேண்டாம். பிறகு உள்ளங்கையைக் கேபினெட்டின் பக்கத்தகட்டில் வைத்து லேசாக அழுத்துங்கள். சத்தம் மாறினால் தகடோ, சப்ளையைப் பின்பக்கம் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவில் ஒன்றோ தளர்ந்திருக்கிறது. மெஷினை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு அவற்றை இறுக்குங்கள். அந்த நான்கும் வெளி ஸ்க்ரூ. சப்ளையின் மூடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தொட வேண்டியதில்லை.

கொரகொரவென்றோ கடகடவென்றோ கேட்டால் அது ஃபேன். காலையில் முதல்முறை போட்டதும் கொரகொரத்து, கொஞ்ச நேரத்தில் சூடேறி அடங்கிவிடுகிறது என்றால் பேரிங்கில் எண்ணெய் வறண்டுவிட்டது. சில மாதங்களில் அடங்குவதும் நின்றுவிடும். கம்பிவலைக்கு உள்ளே கேபிளோ டையோ உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியாக இருந்தால், பிளக்கை எடுத்துவிட்டு வெளியிலிருந்தே காற்றடியுங்கள். ஃபேன் தானாகச் சுழலாதபடி ஒரு பிளாஸ்டிக் குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் அது கன்னாபின்னாவென்று சுழன்றால் இருக்கிற பேரிங்கும் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனைப் பேனாவாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நிறுத்திப் பார்க்கிற வேலை மட்டும் ஒருபோதும் கூடாது. வலை வழியே எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது. பேரிங்குக்குப் போவது ஒரு துளி. மற்றதெல்லாம் போர்டின் மேல் படிந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று: சில சப்ளைகளில் லோடு குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது, அப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள். அதைப் பழுது என்று எண்ணி விரலை விடாதீர்கள்.

கீச்சென்று மெல்லிய, கூர்மையான சத்தம் வேறு ரகம். இதைக் காயில் வைன் என்பார்கள். லோடுக்கு ஏற்ப உள்ளே சுருள்கள் அதிர்வதால் வருவது. மவுஸ் வீலை உருட்டும்போது சத்தமும் கூடவே நெளிகிறதா? விளையாட்டின் மெனு திரையில் மட்டும் உச்சத்துக்குப் போகிறதா? மெனுவில் வேலை குறைவு என்பதால் கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல நூறு ஃப்ரேம்களைத் தள்ளிக்கொண்டிருக்கும். செட்டிங்கில் ஃப்ரேம் எண்ணிக்கையை நொடிக்கு 60 என்று கட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கினாலோ சுருதி மாறினாலோ காயில் வைன்தான், அதுவும் பெரும்பாலும் கார்டில். காதுக்குத் தொல்லையே தவிர ஆபத்து இல்லை. பல தயாரிப்பாளர்கள் இதைக் குறையாகவே ஏற்பதில்லை. ஆனால் பல வருடம் அமைதியாக இருந்த சப்ளை திடீரென்று கீச்சிட ஆரம்பித்து, கூடவே மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் கதை வேறு. கெபாசிட்டர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம். சப்ளையையே மாற்றிவிடுங்கள்.

உம்மென்ற கனத்த ரீங்காரம் லைனோடு தொடர்புடையது. 50 ஹெர்ட்ஸ் லைனில் அது 100 ஹெர்ட்ஸில் கேட்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். வேறு அறையிலும் பாருங்கள். கரண்ட் போய் யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ ஓடும்போது மட்டும் ரீங்காரம் வருகிறதா? சப்ளை மேல் குற்றமில்லை. விலை குறைந்த யுபிஎஸ் பலவற்றில் பேட்டரியிலிருந்து வருவது சீராக வளையும் சைன் வேவ் அல்ல, படிக்கட்டாக வெட்டிய அலை. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள சப்ளைக்கு அது ஒத்துப்போகாது, சிலசமயம் மெஷினே அணைந்துவிடும். யுபிஎஸ் வாங்கும்போது ப்யூர் சைன் வேவ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

மெஷினை அணைத்த பிறகும் டிக், டிக் என்று சீராகக் கேட்டு, ஃபேன் இடையிடையே துடித்து நிற்கிறதா? எங்கோ ஷார்ட் இருக்கிறது. சப்ளை ஒவ்வொரு முறையும் எழுந்து, தன்னைக் காத்துக்கொள்ளப் படுத்துவிடுகிறது. பிளக்கை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதிக்க வேண்டாம்.

சடசடவென்று பொரிவது போன்ற சத்தம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். எங்கோ தீப்பொறி பறக்கிறது. சுவர் சுவிட்சை அணையுங்கள். சுவிட்சுக்கே சூடு ஏறியிருந்தால் மெயினை அணையுங்கள். பிறகு பிளக்கின் பின்களைப் பாருங்கள்: பழுப்பேறியோ கருகியோ இருந்தால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியன் வேலை. பின்கள் சுத்தமாக இருந்து, சப்ளையின் பின்பக்கக் காற்றுத்துளைகளில் கருகல் வாடையோ மீன்வாடை போன்ற நாற்றமோ அடித்தால் அந்தச் சப்ளையை இனி ஒருமுறைகூட ஆன் செய்யக் கூடாது. "டேட்டா மட்டும் எடுத்துக்கிறேன் சார், அஞ்சு நிமிஷம்" என்று கேட்காதீர்கள். டேட்டா ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் அது போகும். புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எங்களிடம் கொண்டுவரும் முன் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து வாருங்கள். மேஜையில் வைத்ததும் அடங்கிப்போகிற மெஷின்கள் நிறைய. எப்போது வருகிறது, எதைத் திறந்தால் வருகிறது, யுபிஎஸ்ஸில் ஓடும்போதா என்று இரண்டு வரி எழுதி வைத்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. வாரன்டி இருந்தால் மூடியின் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். கிழித்தால் இலவசமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காது.

புதுச் சப்ளையை நீங்களே மாட்டப்போகிறீர்கள் என்றால், தாராளமாக மாட்டுங்கள், அதில் ஆபத்து குறைவு. பின்னால் 115/230 என்ற சிவப்பு சுவிட்ச் இருந்தால் உங்கள் லைனுக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் சப்ளை என்றால், பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். மதர்போர்டு பக்கம் எல்லாம் ஒரே மாதிரி. சப்ளை பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல்கூட மாறும். கச்சிதமாகப் பொருந்தும், ஆன் செய்த நொடியில் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் புகையும். புதுப் பெட்டியோடு வந்த கேபிளை மட்டும் மாட்டி, பழைய கேபிள்களைப் பழைய சப்ளையோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிடுங்கள்.