ஸ்டேட்டை எத்தனை முறை கடத்தினாலும் ஒரே கிளாக்தான்

ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் நிரல்மொழியில் எழுதிய சர்க்யூட்டை விஎச்டிஎல், வெரிலாக் என்ற ஹார்டுவேர் விவரிப்பு மொழிகளுக்கு மாற்றும் கம்பைலர் க்ளாஷ். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உருவானது. மாற்றும் வழியில் நிரலை நார்மல் வடிவத்துக்கு, அதாவது அப்படியே சர்க்யூட்டாக எழுதக்கூடிய எளிய வடிவத்துக்கு, கொண்டுவரும். பொதுவாக எழுதிய ஃபங்ஷன்கள் குறிப்பிட்ட டைப்புக்கு இறங்கும். உள்ளடுக்கில் கிடக்கும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கிடைக்கும். ஒரு பெயர், ஒரு வயர். இதில் மதிப்பு மாறாது என்பதற்குத்தான் உத்தரவாதம். வயர் எவ்வளவு நீளும் என்பதை எழுதுபவர்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டேட் மோனாடில் (நினைவில் வைக்கும் மதிப்பான ஸ்டேட்டைப் படிக்குப் படி கடத்தும் ஹாஸ்கெல் முறை) பழகியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பெருக்கிக் கூட்டும் ஃபங்ஷன் ஒன்று, பழைய ஸ்டேட்டை வாங்கிப் புதியதைத் தருகிறது. அதை அடுத்தடுத்து நான்கு முறை அழைத்து, ஒன்றின் ஸ்டேட்டை அடுத்ததற்குக் கொடுத்தால் நான்கு கிளாக் (சர்க்யூட்டின் துடிப்பு) ஆகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. நார்மல் வடிவத்தில் ஃபங்ஷனின் உடல் நான்கு பிரதியாக நிற்கும். இடையிலுள்ள மூன்று ஸ்டேட்டும் வெறும் வயர்கள். கடைசி மதிப்பு மட்டுமே, அடுத்த கிளாக் வரை மதிப்பைப் பிடித்து வைக்கும் ரெஜிஸ்டருக்குப் போகும். நான்கு கூட்டிகள் ஒரே கிளாக்குக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கும். சிமுலேஷனில் விடை சரியாகவே வரும். சிக்னல் ஒரு கிளாக்குக்குள் போய்ச் சேருகிறதா என்று காட்டும் டைமிங் ரிப்போர்ட்டில்தான் குட்டு உடையும்.

நான்கு கிளாக்தான் வேண்டுமென்றால் ஸ்டேட்டுக்குள் 2 பிட் கவுண்ட்டர் ஒன்றைச் சேருங்கள். ஒரு கிளாக்குக்கு ஒரே அழைப்பு, அதை 'மீலி' (ஸ்டேட்டை வாங்கிப் புதிய ஸ்டேட்டும் வெளியீடும் தரும் ஃபங்ஷனை ரெஜிஸ்டருடன் இணைப்பது) வழியாகக் கட்டுங்கள். நான்கும் தனித்தனியாக ஓட வேண்டுமென்றால் நான்கு தனி ஸ்டேட், நான்கு மீலி. வெளியீடாகப் பழைய ஸ்டேட்டைத் தருகிறீர்களா, புதியதையா என்பதையும் கவனியுங்கள். புதியதைத் தந்தால் உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை ரெஜிஸ்டரே இல்லாத பாதை திறந்துவிடும்.

நிபந்தனைப்படி கிளை பிரியும் கேஸின் ஒரு கிளையில் மட்டும் ஸ்டேட் மாறினாலும் இரு கிளைகளின் சர்க்யூட்டும் எப்போதும் இருக்கும். மாறாத கிளையில் பழைய ஸ்டேட்டையே திருப்பித் தாருங்கள்.

பெரிய வெக்டரை ஸ்டேட்டில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. 32 பிட் அகலத்தில் 16 இடம் என்றாலே, பிட்டுக்கு ஒன்றாக 512 ஃபிளிப்ஃப்ளாப். படிக்க, 16-இல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 16-க்கு-1 மல்டிபிளெக்ஸர் வேறு. ஆயிரக்கணக்கில் இடம் தேவைப்பட்டால் பிளாக் ரேம் (சிப்பிலேயே தயாராக இருக்கும் நினைவகம்) பிரிமிடிவைப் பயன்படுத்துங்கள். படித்த மதிப்பு அடுத்த கிளாக்கில்தான் வரும் என்பதால், முகவரியை ஒரு கிளாக் முன்பே அனுப்பும்படி ஸ்டேட்டைத் திருத்த வேண்டும்.

ரெஜிஸ்டரின் ஆரம்ப மதிப்பு எஃப்பிஜிஏவில் (திரும்பத் திரும்ப நிரலேற்றக்கூடிய சிப்) பொதுவாகப் பவர் வந்ததுமே அமையும், ஏசிக்கில் (ஒரே வேலைக்கென்று தயாரிக்கும் சிப்) அமையாது. ஏசிக் வேலையென்றால் கிளாக், ரீசெட் விவரங்களைச் சொல்லும் டொமைன் அமைப்பில் ஆரம்ப மதிப்பு தெரியாது என்று குறித்துவிட்டு, ரீசெட் கொடுத்துச் சோதியுங்கள்.