கான்கிரீட் தளம் ஏன் ஒழுகுகிறது, அதில் எதை மாற்ற வேண்டும்?

சென்னை முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்களில், மேல்மாடி அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், சுவரும் கூரைத் தளமும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே மயிரிழை போன்ற விரிசல் ஒன்று படுக்கைவாட்டில் ஓடுவதைப் பல வீடுகளில் காணலாம். கடைக்கால் இறங்கிவிட்டதோ என்று வீட்டுக்காரர் அஞ்சுவார். பட்டி வைத்து மறைப்பார். அடுத்த கோடையில் அது அதே இடத்தில் மீண்டும் தோன்றும். பெரும்பாலும் அது கடைக்காலின் குற்றம் அன்று, வெயிலின் வேலை. தளம் ஒழுகுவதற்கான காரணமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு நீள்கிறது. சித்திரை மாதத்தில் விடியற்காலையில் 28 டிகிரியில் இருக்கும் தளத்தின் மேற்பரப்பு, பிற்பகலில் 60 டிகிரியைத் தொட்டுவிடும். தடிமன் முழுவதற்கும் சராசரியாக 20 டிகிரி கூடியதாகக் கொண்டாலும், 10 மீட்டர் நீளமுள்ள தளம் 2 மில்லிமீட்டர் நீள வேண்டும். அதைத் தாங்கும் செங்கல் சுவர் அவ்வளவு சூடேறுவதில்லை என்பதால் அசையாமல் நிற்கிறது. தளம் இழுக்க, சுவர் மறுக்க, இரண்டும் சேரும் இடம் கிழிகிறது. இரவில் தளம் சுருங்கும்போது இழுப்பு எதிர்த்திசையில் நடக்கிறது. கோடை மழை திடீரென்று கொட்டும் நாளில் மேற்பரப்பு மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்க முனைய, உள்ளே இன்னும் சூடாக இருக்கும் பகுதி அதை விடுவதில்லை. அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லதான கான்கிரீட்டுக்கு, இழுவையைத் தாங்கும் வலிமை அதில் பத்தில் ஒரு பங்கு அளவே உண்டு. எனவே மேற்பரப்பில் நுண்விரிசல்கள் விழுகின்றன. ஐப்பசி மழை அவற்றின் வழியே இறங்குகிறது.

தண்ணீர் சொட்டுவது தொல்லைதான், ஆனால் உண்மையான சேதம் கண்ணுக்குத் தெரியாமல் கான்கிரீட்டுக்குள் பதிந்த இரும்புக் கம்பியில் நடக்கிறது. புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்லக் காற்றின் கார்பன் டைஆக்சைடு உட்புகுந்து காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடோ அந்தக் காலம் வரை காத்திராமல், காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைத்துவிடுகிறது. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. படுக்கையறையின் மேலிருந்து சிமெண்ட் பெயர்ந்து விழுவது இதனால்தான். பாதிப்பு மிகக் குறைந்த சூழலில் கம்பியைச் சுற்றி 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும் என்னும், கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரக் குறியீடு 456, கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே தளத்தின்மேல் தனியே ஓர் அடுக்கு போடுகிறோம். பொறியாளர்கள் வெதரிங் கோர்ஸ் என்றும் கொத்தனார்கள் சுர்க்கி என்றும் சொல்லும் இந்த அடுக்கில், ஏறத்தாழ 3 அங்குலக் கனத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதன்மேல் தட்டோடும் இருக்கும். ஜல்லியின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுப்பதால், கீழேயுள்ள கான்கிரீட்டின் அன்றாட நீட்சியும் சுருக்கமும் குறைகின்றன. சுண்ணாம்போ சிமெண்டைப்போல விறைப்பானது அன்று. சிறிய அசைவுக்கு இடம் கொடுக்கும். நுண்விரிசல் விழுந்தாலும், மழைநீரில் சிறிது கரையும் சுண்ணாம்பு, காற்றின் கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகப் படிந்து அந்த விரிசலை அடைக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய பழைய தளங்கள் நீண்டகாலம் நின்றதில் வியப்பில்லை. நாள் குறையும், கூலி குறையும் என்று இன்று சுண்ணாம்பை விட்டுச் சிமெண்ட் கலவையை இழுத்துப் பூசிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. நமக்குக் கிடைக்கும் பொருள்களில் இந்த வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமானதைக் காண்பது அரிது.

இந்த அடுக்கு தேய்வதற்காகவே போடப்படுவது. கான்கிரீட்டுக்கு வர வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்கிறது. முதலில் தட்டோடுகளின் இடைச்சந்துகள் விடும். கைப்பிடிச் சுவரின் அடியிலுள்ள மூலை பிளக்கும், அங்கே அரசங்கன்று முளைக்கும். இரண்டு இலை விட்டதுமே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பத்து அடிக்கு ஓர் அங்குல வாட்டமாவது இல்லாத தளத்தில் தண்ணீர் தேங்கும். ஒழுகும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணுவது தவறு, ஏனெனில் ஓரிடத்தில் இறங்கிய நீர் அடுக்குகளுக்கிடையே ஊர்ந்து வேறோர் அறையில் சொட்டும். மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வரப்புக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தால்தான் உண்மையான இடம் தெரியும்.

பல இடங்களில் ஓடு பொள்ளலாக ஒலித்தால் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் மாற்றுவதே சரி. அப்போது பலரும் பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதியதைப் போடுகிறார்கள். 3 அங்குல அடுக்கு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ளது. ஆட்கள் நடமாடும் மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான தரக் குறியீடு 875 ஒதுக்கும் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மனிதருக்கு உரிய ஒதுக்கீட்டை இரண்டாவது அடுக்கே விழுங்கிவிடும் என்பதால், கான்கிரீட் தெரியும்வரை பழையதைப் பெயர்த்தே ஆக வேண்டும். கீழ்ப்பக்கம் கம்பி தெரிந்தால், துருவின்மேல் பூசாமல், கம்பியின் பின்புறம்வரை கொத்தி, பளிச்சென்று தேய்த்த பிறகே கலவை வைக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கம்பி 6 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால் அதன் குறுக்குப் பரப்பில் 44 விழுக்காடு போய்விட்டது என்று பொருள். பூச்சு அதை மீட்காது, பொறியாளர் பார்த்துத் தளத்தையே மாற்றலாமா என்று முடிவுசெய்ய வேண்டிய நிலை அது. ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகலைக் குறித்துவைத்து, தளம் உலர்ந்து வெயிலும் கடுமையாகாத தை, மாசியில் வேலையை முடிப்பது நல்லது. கடைசியில் பூசும் வெள்ளை, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால், தளத்தின் வெப்பத்தோடு அசைவையும் குறைக்கும்.

ஒழுகலுக்கும் வெப்பத்துக்கும் ஒரே தீர்வாக மாடியின்மேல் தகரக் கொட்டகை போடும் வழக்கம் பெருகிவருகிறது. நிழலுக்கு அது நல்லதுதான். ஆனால் புயலில் கணக்கு மாறுகிறது. சென்னைக்குத் தரக் குறியீடு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகமான நொடிக்கு 50 மீட்டரில், காற்று மோதும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோவாகும். கூரைமேல் விரையும் காற்று ஏறக்குறைய அந்த அளவுக்குத் தகடுகளை மேல்நோக்கி உறிஞ்சுகிறது, விளிம்பிலும் மூலையிலும் அதைவிடக் கூடுதலாக. பக்கங்கள் திறந்த கொட்டகையில் அடியிலிருந்தும் காற்று முட்டும். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கிறது. அரை மில்லிமீட்டர் தகடோ 5 கிலோவைத் தாண்டாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தையொட்டிக் கஜா புயல் கரையேறியபோது தகரமும் ஓடும் பறந்ததன் பின்னிருந்த கணக்கு இதுதான். நான்கு செங்கற்களை மேலே வைப்பதால் பயனில்லை. கொட்டகையின் கால்கள் கைப்பிடிச் சுவரில் அல்லாமல் தூண்களின் கான்கிரீட்டில் பிடித்திருக்க வேண்டும். ஓரத் தகடுகளில் போல்ட்டுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். வெயிலில் ரப்பர் வாஷர் வெடித்த போல்ட்டையும், துருப்பிடித்த போல்ட்டையும் புரட்டாசி முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும்.