எக்ஸ்சேஞ்ச் விட்டு எக்ஸ்சேஞ்ச் கிரிப்டோ அனுப்பும்போது பெயர் கேட்பது ஏன்? டிராவல் ரூல் விளக்கம்

முன்பெல்லாம் ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) இன்னொன்றுக்கு காயின் அனுப்ப, பெறும் பக்கத்து வாலட் (கிரிப்டோவுக்கான டிஜிட்டல் பை) முகவரியை ஒட்டி, தொகையைப் போட்டு, ஓடிபி கொடுத்தால் போதும். இப்போது நடுவில் ஒரு படிவம் வந்து நிற்கிறது: உங்களுக்கே அனுப்புகிறீர்களா, வேறொருவருக்கா, அது எந்த எக்ஸ்சேஞ்ச், பெறுபவரின் முழுப் பெயர் என்ன. இதைப் பார்த்ததும் மோசடியோ என்று பதறுகிறவர்கள் உண்டு. கைக்கு வந்ததை நிரப்பிவிட்டு, அப்புறம் பணம் பாதியில் நிற்கிறதே என்று புலம்புகிறவர்கள் அதைவிட அதிகம்.

அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருப்பது டிராவல் ரூல். வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் அனுப்புபவர், பெறுபவர் விவரங்களும் கூடவே போக வேண்டும் என்பது பழைய விதிதான். ஜி7 நாடுகள் 1989-ல் தொடங்கிய எஃப்ஏடிஎஃப் என்ற அமைப்பு, கருப்புப் பணத்தையும் பயங்கரவாதத்துக்குப் போகும் நிதியையும் தடுப்பதற்காக, 2019 ஜூனில் இதே விதியை கிரிப்டோ நிறுவனங்களுக்கும் நீட்டித்தது. ஆனால் எஃப்ஏடிஎஃப் சட்டம் போடுவதில்லை, பரிந்துரைதான் செய்யும்; சட்டம் அந்தந்த நாடு போடுவது. அதனால்தான் ஒரு எக்ஸ்சேஞ்சில் கேட்கும் கேள்வி இன்னொன்றில் வருவதில்லை. ஆயிரம் டாலர் அல்லது யூரோவுக்குக் கீழே கொஞ்சம் தளர்வு தரலாம் என்கிறது எஃப்ஏடிஎஃப். அமெரிக்காவில் வரம்பு 3,000 டாலர். தென் கொரியா 2022 மார்ச்சில் 10 லட்சம் வோன் என்று வைத்தது. ஜப்பானும் பிரிட்டனும் 2023-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 30 முதல், இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே எவ்வளவு சின்னத் தொகை போனாலும் விவரம் கூடவே போயாக வேண்டும். வரம்புக்குக் கீழே துண்டு துண்டாக அனுப்பித் தப்பிக்கலாம் என்று யோசிக்காதீர்கள், அப்படி அனுப்புவதே சந்தேகத்தைக் கிளப்பும்.

சரி, இந்த விவரமெல்லாம் பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பதிவேட்டில், ஏறிவிடுமா? ஏறாது. அங்கே வழக்கம்போல முகவரியும் தொகையும் மட்டும்தான். உங்கள் பெயர், கணக்கு எண் அல்லது வாலட் முகவரி, கூடவே வீட்டு முகவரியோ அடையாள எண்ணோ பிறந்த தேதியும் ஊருமோ, இவை இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே தனி வழியில் போகின்றன. பெறுபவர் பக்கம் பெயரும் வாலட் முகவரியும். நம் விவரம் இன்னொரு நிறுவனத்தின் சர்வரிலும் போய் உட்காருகிறதே என்ற குறை நியாயமானதுதான், எனக்கும் அதில் உவப்பில்லை. ஆனால் எக்ஸ்சேஞ்ச் வழியாக அனுப்பும்வரை இதிலிருந்து தப்ப வழியில்லை.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. ஒரு கணக்கில் இனிஷியலோடு இருக்கும், இன்னொன்றில் அதை விரித்து எழுதியிருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது. பெறும் எக்ஸ்சேஞ்சில் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கொடுத்தபோது எப்படிப் பதிவானதோ, எழுத்து பிசகாமல் அப்படியே போடுங்கள். பட்டியலில் அந்த எக்ஸ்சேஞ்சின் பெயர் இல்லை என்பதற்காக 'சொந்த வாலட்' (எக்ஸ்சேஞ்சிடம் இல்லாமல் சாவி உங்கள் கையிலேயே இருக்கும் வாலட்) என்று தேர்ந்தெடுப்பதும் பொய்த் தகவல்தான். அதைவிட, அந்த எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப முடியுமா என்று உதவிப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது. எதிர்ப்பக்கம் விவரம் வாங்க வசதியில்லாத நிறுவனம் என்றால் உங்கள் எக்ஸ்சேஞ்ச் அனுப்பவே மறுக்கலாம்.

உண்மையிலேயே உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்பினால் கதை வேறு. ஐரோப்பிய விதிப்படி ஆயிரம் யூரோவுக்கு மேலே போனால் அது உங்களுடையதுதானா என்று எக்ஸ்சேஞ்ச் சரிபார்க்க வேண்டும். அந்த வாலட்டிலிருந்து மிகச் சிறிய தொகை ஒன்றை அனுப்பச் சொல்வார்கள், அல்லது ஒரு செய்தியில் டிஜிட்டல் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இரண்டுக்குமே உங்கள் சீட் பிரேஸை (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள்) யாரிடமும் தர வேண்டியதில்லை. "டிராவல் ரூலுக்காக" என்று யாராவது அதைக் கேட்டாலோ, நின்றுபோன பணத்தை விடுவிக்க முன்பணம் கட்டச் சொன்னாலோ, அது திருட்டு வேலை. சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று, படிவத்தைச் சரியாக நிரப்பினால் காயின் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை மட்டும்தான் இந்த விதி பார்க்கிறது. டாலர் மதிப்பைப் பின்பற்றும் யுஎஸ்டிடி காயினை டிஆர்சி20-ல் (டிரான் நெட்வொர்க்) அனுப்புகிறீர்களா, இஆர்சி20-ல் (எத்திரியம் நெட்வொர்க்) அனுப்புகிறீர்களா, அந்த நெட்வொர்க்கை எதிர்ப்பக்கம் ஏற்கிறதா என்பது உங்கள் பொறுப்பு. எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர் போன்ற காயின்களில், உங்கள் கணக்கை அடையாளம் காட்டும் டேக் அல்லது மெமோ எண்ணை விட்டுவிட்டால், காயின் எக்ஸ்சேஞ்சின் பொது வாலட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் கணக்கில் ஏறியிருக்காது. கட்டணம் இரண்டு முறை போனாலும் பரவாயில்லை, முதலில் சிறு தொகை அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

அனுப்பியாயிற்று, பிளாக்செயினில் உறுதியும் ஆகிவிட்டது, ஆனால் பெறும் எக்ஸ்சேஞ்ச் மட்டும் 'பெண்டிங்' என்று காட்டுகிறதா? பெரும்பாலும் அனுப்பியவர் விவரத்துக்காகக் காத்திருக்கும். டெபாசிட் வரலாற்றைத் திறந்தால் அங்கேயே நிரப்பச் சொல்லி ஒரு படிவம் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் டிரான்சாக்ஷன் ஐடி, அனுப்பிய எக்ஸ்சேஞ்சின் பெயர், அந்தப் பக்கக் கணக்கில் உங்கள் பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றோடு, எக்ஸ்சேஞ்ச் செயலிக்குள்ளிருந்தே உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.